பந்து தேடும் கிளப்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று பலர் விசாரித்திருக்கிறீர்கள். சிலர் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் என் வணக்கம்.

காணாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி வாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலை நேரம். இருதய வைத்தியர் வந்தார். எங்கள் மகனைவிட இளையவர் போல இருந்தார். கட்டிலில் படுத்திருந்த என் கணவரிடம் கேட்டார்.

"எப்ப இருந்து ஐயா நெஞ்சு நோகுது?"

கணவர் என்னைப் பார்த்தார். வைத்தியரும் என்னைப் பார்த்தார். ஆண்களுக்கு வருத்தம் வந்தால் பதில் சொல்வது மனைவிமார்தானே... எந்த ஊரிலும் அப்படித்தான்.

"எனக்குத் தெரியா டொக்டர்," என்றேன். "நேத்துப் பின்னேரம்தான் எனக்கே சொன்னவர்."

"வீட்டில வெச்சா?"

"இல்ல. கொல்ஃப் கிளப்பில வெச்சு."

பேனா நின்றது. தலை நிமிர்ந்தது. என் கசங்கிய கைத்தறிச் சேலை, மண் ஒட்டிய ரப்பர் செருப்பு, மறுபடி என் முகம்... எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"மட்டக்களப்பிலயா?"

"ஓம்."

பக்கத்தில் நின்ற தாதியிடம் திரும்பி மெல்லச் சொன்னார்: "இவவுக்கும் ஒருக்கா பிரஷரைப் பாருங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. கொல்ஃப் என்றால் நமக்கு என்ன தெரியும்? டிவியில் வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மட்டும் உறை, பந்து குழியில் விழுந்தால் சத்தம் வராமல் கைதட்டும் கூட்டம். சேனல் மாற்றும்போது அது வந்தால் என் விரல் தானாகவே அடுத்த பொத்தானுக்குப் போய்விடும். பணக்காரர்கள் நடந்துபோவதை உட்கார்ந்து பார்க்க எனக்கு என்ன தலைவிதியா?

அப்படித்தான் இருந்தேன்... காத்தான்குடியில் ரிபாயாவைச் சந்திக்கும் வரை.

ரிபாயா என்னோடு உயர்தர வகுப்பில் படித்தவள். இப்போது சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறாள். தலையணை உறைக்குத் துணி வாங்கப் போனேன். துணியை முழம் போட்டுக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னகா, முகம் இப்பிடி வாடிக் கிடக்கு?"

என் அக்கா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே அவளுடைய வீடும். கடைசிக் காலத்தில் அவளுக்கு வீட்டைவிட ஆஸ்பத்திரிதான் பழக்கம். கூட நின்றவள் நான். சாப்பாட்டுக் கூடையோடு போவதும் வெறுங்கூடையோடு வருவதுமாக ஒரு வருடம் போய், ஒரு நாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதன் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரிபாயாவுக்கு இதெல்லாம் தெரியும். செத்தவீட்டுக்கு வந்தவள்தான். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அண்ணன் எப்பிடி இரிக்கார்?"

"ஓய்வெடுத்திட்டார்தானே. வீட்டிலதான். நானும் வீட்டிலதான்."

"ரெண்டு பேரும் கதைக்கிறீங்களா?"

என்ன கேள்வி இது! யாராவது இப்படிக் கேட்பார்களா?

"கதைக்கிறம்... தேத்தண்ணி போடவா, கேற்றப் பூட்டியாச்சா, மோட்டரப் போட்டாச்சா..."

சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. நான் நிறுத்திக்கொண்டேன். ரிபாயா துணியை மடித்துப் பையில் போட்டு என் கையில் தந்தாள்.

"ஞாயித்துக்கிழம பின்னேரம் ரெண்டு பேரும் எங்கட வளவுக்கு வாங்க. கொல்ஃப் அடிப்பம்."

"என்ன அடிப்பம்?"

"கொல்ஃப்," என்றாள், பக்கத்துக் கடையில் பழச்சாறு குடிப்போம் என்பது போல.

என் கணவரை நீங்கள் அறிவீர்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர் என்று ஒரு வாரமும், பஸ்ஸில் குடையை மறந்துவிட்டுப் புதுக்குடையோடு வருபவர் என்று இன்னொரு வாரமும் அவரை இந்தப் பக்கத்தில் வறுத்தெடுத்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட மறுப்புத் தெரிவித்ததில்லை.

மறுப்பு என்ன... அக்கா போன பிறகு அவர் எதையுமே பெரிதாகத் தெரிவிக்கவில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாடியில் இருந்த புத்தகங்களைக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். வாசிக்கிறார், அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு பேரும் ஒரே துக்கத்தைத்தான் சுமக்கிறோம் என்று நம்பினேன்.

கொல்ஃப் என்றதும் அவர் சிரித்தார். "என்ட காலுக்கு எந்தச் சப்பாத்து?" என்று மட்டும் கேட்டார். அவர் மறுக்காததே எனக்கு அதிசயமாக இருந்தது.

இடத்தைச் சொல்லமாட்டேன். இந்தப் பத்தியை எழுத ரிபாயாவிடம் அனுமதி கேட்டபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். "எழுது. ஆனா இடத்தச் சொல்லாத." ஆகவே இவ்வளவு போதும்: ஒரு பாலம் தாண்ட வேண்டும். தார் வீதி முடிய வேண்டும். அதன் பிறகு மாட்டுக்கூட்டம் மனம் வைத்து வழி விடும் வரை நிற்க வேண்டும்.

வாசலில் தகரப் படலை. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போனால் தென்னை, தென்னைக்கு அப்பால் வாவி. நடுவே புல். அந்தப் புல்லை எப்படிச் சொல்வது? சீப்பால் வாரி விட்டது போல ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. அங்கங்கே குட்டிக் கொடிகள். ரிபாயாவின் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகள்... ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் கட்டம், ஒன்றில் ஆனைக்குட்டி. மொத்தம் ஆறு கொடி, ஆறு குழி. பெரிய கிளப்புகளில் பதினெட்டாம். ரிபாயாவின் கணவர் ஜவ்பர் நானா அதைச் சொல்லிவிட்டு, "ஆறுக்கே மாலையாகிடும் தங்கச்சி," என்றார்.

எனக்கு அண்ணன் முறை, அதுதான் நானா. ஆள் உயரமானவர். சாரம், முழுக்கைச் சட்டை, தலையில் வெயில் தொப்பி. என் கணவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கிளப்பா?" என்று கேட்டார்.

"பல் டொக்டர் ஒராள் வெச்ச பேர் சேர். எனக்கு இது வளவுதான்."

கிளப்தான். அதுவும் தனியார் கிளப். யாராவது உள்ளிருப்பவர் கூட்டிவந்தால்தான் படலை திறக்கும். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. அந்தப் பல் வைத்தியரும் அவரது மனைவியும் வந்திருந்தார்கள். ஒரு மாமியாரும் மருமகளும் குடை பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவரும் அவருடைய தம்பியும்... காணித் தகராறில் பல காலம் முகம் பார்க்காமல் இருந்தவர்களாம்... ஒரே ஸ்டிக்கை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் இரண்டு இரண்டு பேர். அதை நான் கவனித்துக் கேட்டேன்.

"தனிய ஆரும் வாறல்லயா நானா?"

"தனிய வந்தா பந்த ஆர் தேடுற?" என்றார் அவர்.

நான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

முதல் மூன்று குழிகளுக்கு ஆண்கள் முன்னே போனார்கள். ஜவ்பர் நானா என் கணவருக்கு ஸ்டிக் பிடிக்கக் காட்டினார். என் கணவர் கடிதத்தில் முத்திரை குத்துவது போல ஓங்கி அடித்தார். புல் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன். நானும் ரிபாயாவும் பின்னால் நடந்தோம். அபாயாவோடு அவள் அடித்தாள் பாருங்கள் ஒரு அடி... பந்து தென்னைகளுக்கு நடுவே கோடு போட்டது போல நேரே போனது.

"எங்க படிச்ச நீ இத?"

"இவரிட்டத்தான். இவர் எங்க படிச்ச எண்டு கேளு."

ஜவ்பர் நானா கல்யாணமான புதிதிலேயே வளைகுடாவுக்குப் போனவர். இருபது வருடத்துக்கு மேல். அங்கே ஒரு பெரிய கொல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. விடிவதற்கு முன் மிசினில் ஏறினால், விளையாட வருபவர்கள் கண்ணில் படுவதற்குள் இறங்கி மறைந்துவிட வேண்டும். இவ்வளவும் பிறகுதான் ரிபாயாவுக்குத் தெரியவந்ததாம். அவர் அங்கே இருந்த காலமெல்லாம் ஃபோனில் சொன்னது மூன்று சொல்: வேலை, சாப்பாடு, நித்திரை.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவார். பொட்டி பிரிக்கிறது, சொந்தக்காரன்ட வீட்டுச் சாப்பாடு, மறுகா பொட்டி கட்டுறது. ஒரு மனிசன்ட முகத்தப் பழகுறதுக்கு அந்த நாள் காணுமாகா?"

பிறகு அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வீட்டுக்குள் என்ன நடந்தது?

"விருந்தாளி மாதிரி இருந்தார். 'தேத்தண்ணி கிடைக்குமா?' எண்டு கேப்பார். என்ட ஊட்டில, என்னட்ட! சாப்பிட்ட கோப்பையக் கழுவித் தன்ட கட்டிலுக்குக் கீழ வெச்சிடுவார். அங்க கேம்ப்பில அப்பிடியாம். உப்பு எங்க இரிக்கு எண்டு தெரியா. மவள் என்ன படிச்சாள் எண்டு தெரியா. நானும் என்ன செய்ற? இவ்வளவு காலமும் நானே ஊடு கட்டி, நானே மவளக் கட்டிக்குடுத்து, நானே கடையப் பாத்து... இவர எங்க வெக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல."

அவள் நின்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"ஒருநாள் சொன்னார், பழைய கம்பனி கூப்பிடுது, நான் திரும்பப் போறன் எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"போகாதீங்க எண்டு சொல்லல்ல. அத எத்தன தரம் சொல்லி எத்தன தரம் போனவர். நான் ஒண்டுதான் கேட்டன். 'அங்க என்னதான் செஞ்சீங்க? போறதுக்குள்ள எனக்கு ஒருக்காக் காட்டுங்க' எண்டன்."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். இந்தத் தென்னங்காணி ரிபாயாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. பற்றை மூடிக் கிடந்த காணி. ஜவ்பர் நானா இங்கே வந்து, எங்கோ இரவல் வாங்கிய மிசினால் ஒரு வட்டம் வெட்டினார். தண்ணீர் ஊற்றினார். மறுபடி வெட்டினார். உருளை உருட்டினார். நாட்கள் போயின. ஒரு நாள் அவளிடம், தன்னை ஸ்கூட்டியில் இங்கே கூட்டிவரச் சொன்னார்... ஓட்டியது அவள்தான், அவர் பின்னால் இருந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு எண்டார். ஏறினன். கம்பளம் மாதிரிகா. கால் கூசிச்சு. 'இதத்தான் செஞ்சன்' எண்டார். 'நீங்க ஒருக்காவது இதில விளையாடினீங்களா?' எண்டன். 'எங்கள உடமாட்டானுகள்' எண்டார். எனக்கு என்னவோ செஞ்சிட்டு. 'இது என்ட காணி. நான் உடுறன். அடிங்க' எண்டன்."

தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே விட்டுப்போன பழைய ஸ்டிக் ஒன்று அவருடைய பெட்டியில் இருந்ததாம். எதற்கு வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. அடித்தார். பந்து வாவியோரம் கண்டல் பற்றைக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் குனிந்து தேடத் தொடங்கினார்கள்.

"அப்பதான் கதைக்கத் தொடங்கினார்," என்றாள் ரிபாயா. "பந்தத் தேடித் தேடிக் கதைக்கார். என்ட முகத்தப் பாக்கல்ல. பாத்திருந்தா கதைச்சிரிக்க மாட்டார். மவள் புறந்த சேதி வந்தண்டைக்கு மிசினில இருந்தவராம். மிசின நிப்பாட்டாம வெட்டிக்கிட்டே அழுதவராம். நிப்பாட்டினா மத்தாக்களுக்குக் கேட்டிடும் எண்டு."

முன்னால் ஜவ்பர் நானா என் கணவரின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"பொழுதுபட்டு, பள்ளியில மஃரிபுக்கு வாங்கு சொல்லும் வர தேடினம். பந்து கிடைக்கல்ல. மறுநாள் ஏஜென்சிக்காரன் ஃபோன் எடுத்தான். இவர் சொல்றார், 'தம்பி, எனக்கு இஞ்சயே புல்லு வெட்ட இரிக்கு.'"

மூன்றாம் கொடியடியில் வாழைப்பழமும் தேத்தண்ணியும். அதன் பிறகு ரிபாயா அபாயாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "இனி நாங்க இந்தப் பக்கம் போறம். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க."

நாலாவது கொடி வாவிக்கரையோரம். ஆனைக்குட்டித் துணி. என் கணவர் இந்த முறை பந்தை ஒழுங்காகவே அடித்தார். ஒழுங்காக என்றால்... பட்டது. எழும்பியது. கொடிக்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் பற்றைக்குள் விழுந்தது.

தேடப் போனோம்.

பின்னேர வெயில் தண்ணீரில் கிடந்தது. ஒரு கொக்கு எங்களைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றது. நான் இந்தப் பக்கம் புல்லை விலக்கினேன். அவர் அந்தப் பக்கம்.

"மலர்."

"ம்."

"எனக்கு நெஞ்சு நோகுது."

"குனியாதீங்க. நீங்க நில்லுங்க, நான் பாக்கிறன்."

"இப்ப இல்ல. கொஞ்சக் காலமாவே."

என் கை புல்லை விலக்கிக்கொண்டே இருந்தது. அது ஏன் நிற்கவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நிமிர்ந்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று கைக்குத் தெரிந்திருக்கலாம்.

"படி ஏறினா நோகுது. வேகமா நடந்தா நோகுது. நிண்டா விட்டுடுது. அதுதான் மேல போறல்ல."

மாடி. புத்தகங்கள். அமைதியான வாசிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல்ல?"

அவரும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்காக எவ்வளவு காலம் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கின நீ. கடைசியில அந்த மருந்து மணம் வந்தாலே உனக்குச் சாப்பாடு இறங்கிறல்ல. இப்பதான் கொஞ்சம் உக்காந்திரிக்காய். மறுகா என்னத் தூக்கிக்கொண்டு..."

"நான் ஏற மாட்டன் எண்டு நினைச்சீங்களா?"

"ஏறுவாய் எண்டு தெரியும். அதுதான் சொல்லல்ல."

அப்போதுதான் நிமிர்ந்தேன். அவர் கையில் நாயுருவி ஒட்டியிருந்தது. முகம் வியர்த்திருந்தது. வெயிலுக்கா, வேறெதற்குமா?

"இப்ப நோகுதா?"

கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம்."

கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. ரிபாயா செருப்பில்லாமல் ஓடிவந்தது ஞாபகம். ஜவ்பர் நானா என் கணவரைத் தென்னை மரத்தில் சாய்த்து உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பல் வைத்தியர் ஓடிவந்து நாடி பார்த்தார். காரில் இருந்த மருந்துப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கடித்து விழுங்கச் சொன்னார். வாகரைச் சகோதரர்கள் முன்னே ஓடி மாட்டுக்கூட்டத்தை வீதியிலிருந்து விரட்டினார்கள். ஆனைக்குட்டிக் கொடிக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையில் நடந்த எதையும் நான் செய்யவில்லை. எல்லாவற்றையும் அவர்கள்தான் செய்தார்கள்.

பல் வைத்தியரின் காரை ரிபாயா ஓட்டினாள். அவளுக்குத்தான் பாதை பழக்கம். வைத்தியர் முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்துகொண்டே வந்தார். பின்னால் என் கணவர் நடுவில். ஒரு கை என்னிடம், மற்றக் கை ஜவ்பர் நானாவிடம். பாலத்தில் ஏறும்போது ஜவ்பர் நானா சொன்னார்:

"சேர், நீங்க அடிச்ச பந்து எங்க விழுந்த எண்டு நான் கண்ட. சுகமாகி வாங்க, காட்டுறன்."

என் கணவர் கண்ணை மூடியபடியே, "பற்றைக்குள்ளதானே?" என்றார்.

"இல்ல சேர். வாவிக்குள்ள."

அந்த நிலையிலும் அவர் சிரித்தார். நான் அழுதேன்.

அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன அந்த வைத்தியர். ஒரு குழாய் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்... என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை. கையில் சின்னத் துளை போட்டு, அதன் வழியே போய், அடைப்பைத் திறந்து, உள்ளே சல்லடைக் குழாய் போல ஒன்றை வைத்தார்கள்.

அது நடந்துகொண்டிருந்தபோது நான் வெளியே வாங்கில் இருந்தேன். அதே ஆஸ்பத்திரி. அதே மருந்து மணம். அக்காவுக்காக நான் தனியாக உட்கார்ந்திருந்த அதே வகை வாங்கு. இந்தத் தடவை ஒரு பக்கம் ரிபாயா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் என் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாமியாரும் மருமகளும் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பின்னேரம் தூரத்தில் குடையோடு கண்டவர்கள். மருமகள் பார்சலைப் பிரித்து என் கையில் வைத்துவிட்டு, நான் ஒரு வாய் வைக்கும் வரை எதிரிலேயே நின்றாள்.

மணம் அதேதான். சாப்பாடு இறங்கியது.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஃபோனில் பதறினான். "அப்பாவுக்கு நோகுது எண்டு நீங்க எப்பிடி அம்மா கண்டுபிடிச்சீங்க?" நான் கண்டுபிடிக்கவில்லை மகனே. பந்தைத் தேடினேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன். 'முகத்தைப் பார்த்துப் பேசு' என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? நல்ல பழக்கம்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராத விஷயங்கள் எத்தனை! பயம், நோவு, 'என்னை விட்டுப் போகாதே' என்பது... அவர் என் முகத்தைப் பார்த்த போதெல்லாம் அதில் அக்காவின் ஆஸ்பத்திரி இருந்தது. பிறகு எப்படிச் சொல்வார்? சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நானும் அவரும் ஒருவரையொருவர் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறோம்... ஆளே போய்விடும் அளவுக்கு.

பக்கத்தில் நடக்க வேண்டும். இரண்டு பேரும் நிலத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்து போன ஒரு சின்ன வெள்ளைச் சாமானைத் தேடுகிற சாக்கு வேண்டும். இதற்குத்தான் உலகம் முழுக்கக் கொல்ஃப் என்று பெயர் வைத்திருக்கிறார்களோ என்னவோ... விளையாட்டு விளங்காதவர்கள்தான் அதைக் குழியில் போட அவசரப்படுகிறார்கள்.

அண்மையில் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்பவர் எப்படியோ கேள்விப்பட்டு ஜவ்பர் நானாவிடம் வந்தாராம். வெளிநாட்டு விருந்தினர்களைக் கூட்டிவரலாம், இணையத்தில் படம் போடலாம், பதினெட்டுக் குழி வெட்டலாம் என்று நிறையச் சொன்னாராம். ஜவ்பர் நானா தேத்தண்ணி கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காணி என்ட மனிசிர. அவட்டக் கேளுங்க" என்றாராம். ரிபாயா யோசிக்கவேயில்லை.

"வெளியாக்கள் வந்தா நாங்க கதைக்க மாட்டம் தம்பி. விளையாடத்தான் செய்வம்."

வந்தவருக்கு விளங்கியிருக்காது. பரவாயில்லை.

வைத்தியர் மெதுவாக நடக்கலாம் என்று சொன்ன வாரமே நாங்கள் வளவுக்குப் போனோம். படலையைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஜாப்பூக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கட்டம் போட்ட கொடிக்குப் பக்கத்தில் ஒன்று. ஆறு கொடிக்கும் ஆறு கதிரை, எல்லாம் நிழலுக்குள். உலகத்தில் வேறெந்தக் கொல்ஃப் மைதானத்திலும் இப்படிக் கதிரை போட்டிருக்க மாட்டார்கள்.

"எனக்கு என்ன, வயசாகிட்டா?" என்று என் கணவர் ஜவ்பர் நானாவிடம் கோபித்துக்கொண்டார். "எதுக்கு இந்தக் கதிரையெல்லாம்?"

"எனக்குத்தான் அண்ணன். முழங்கால் நோ." 'சேர்' எப்போது 'அண்ணன்' ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

என் கணவர் ஆறிலும் உட்கார்ந்தார். ஜவ்பர் நானா ஒன்றில்கூட உட்காரவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறோம். அவர் இன்னும் கடிதத்துக்கு முத்திரை குத்துவது போலத்தான் அடிக்கிறார். நடக்க நடக்கப் பேசுகிறார். தபால் கந்தோரில் அவருக்கு முதல் வேலை கிடைத்த நாளைப் பற்றி, நான் கேள்வியே படாத ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதனைப் பற்றி. சத்திர சிகிச்சை அறைக்குள் படுத்திருந்தபோது எதை நினைத்தார் என்பதையும் சொன்னார். அதை மட்டும் இங்கே எழுதமாட்டேன்... அது எனக்கு.

கடந்த ஞாயிறு அவருடைய பந்து ஐந்தாவது கொடிப் பக்கம் புல்லுக்குள் போய்விட்டது. அவர் குனிந்து தேடிக்கொண்டே அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அக்கா போன பிறகு அவர் அவளைப் பற்றிப் பேசுவது அதுதான் முதல் தடவை.

பந்து என் காலடியிலேயே கிடந்தது.

நான் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, "இஞ்ச இல்ல. அங்காலயும் பாருங்க" என்றேன்.